"நாளை வாருங்கள்" என்பதற்கு மேல்முறையீடு கிடையாது

கோவையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது: "அப்பா இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அம்மா கோத்தகிரி தாலுகாவில், சோலூர்மட்டத்துக்கு அப்பால் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) தனியாக இருக்கிறார். அப்பாவின் வைப்புத்தொகையைக் கொடுக்க வங்கி வாரிசுச் சான்றிதழ் கேட்கிறது. சான்றிதழுக்குத் தாசில்தாரிடம் போட்ட விண்ணப்பம் மூன்று முறை தள்ளுபடி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தால் கிளைக்குப் போகச் சொல்கிறார்கள். கிளையில் கேட்டால் மேலிடத்திலிருந்து உத்தரவு வரவேண்டும் என்கிறார்கள். அம்மா இதுவரை பதினோரு முறை பஸ் ஏறிவிட்டார். இனி யாரிடம் போவது?"

பதினோரு முறை என்பதை இரண்டு தடவை படித்தேன். மலையில் ஒரு முறை அலுவலகத்துக்குப் போவது என்றால் ஒரு நாள் போயிற்று என்று பொருள். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று வழியைப் பார்த்து நிற்க வேண்டும். மாலை கடைசி பஸ்ஸுக்குள் வேலை முடியாவிட்டால் வரிசையிலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் எங்காவது மண் சரிந்தால் அதுவும் இல்லை. அன்று பறிக்காமல் விட்ட தேயிலை முற்றும். முற்றிய இலைக்கு ஃபேக்டரியில் விலை கிடைக்காது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிவதே இல்லை. உங்கள் அம்மாவின் பன்னிரண்டாவது பயணம் வீணாகக் கூடாது என்பதற்காக இதை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த மலையில்தான் கழிந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன்.

முதலில் வங்கி. உங்கள் அம்மாவைப் பீரோவிலிருந்து அந்த வைப்புத்தொகை ரசீதை எடுக்கச் சொல்லுங்கள். அதில் எங்காவது "நியமனம் பதிவு செய்யப்பட்டது" என்ற பொருளில் ஒரு வரி அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரி இருந்து, நாமினி, அதாவது பணத்தைப் பெற நியமிக்கப்பட்டவர், உங்கள் அம்மாவாக இருந்தால், ஒன்பது மாதமாக அவரை அலைக்கழித்ததற்கு எந்த நியாயமும் கிடையாது. நாமினி உள்ள கணக்குக்கு வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949-ன் 45இசட்ஏ பிரிவு, நாமினியிடம் பணம் கொடுத்தாலே வங்கியின் பொறுப்பு தீர்ந்தது என்கிறது. ரிசர்வ் வங்கி 2005 ஜூன் 9-ம் தேதி அனுப்பிய சுற்றறிக்கை இன்னும் கண்டிப்பானது: நாமினி இருக்கும்போது, தொகை எவ்வளவாக இருந்தாலும், நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றோ இழப்பீட்டுப் பத்திரமோ கேட்பது தேவையற்ற செயல், அப்படிக் கேட்பது ரிசர்வ் வங்கியின் கடும் அதிருப்திக்கு உள்ளாகும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். உரிய ஆவணங்களோடு கோரிக்கை வந்த 15 நாளில் பணத்தைத் தர வேண்டும். 2025 செப்டம்பரில் இதற்கெல்லாம் புதிய வழிகாட்டுதல்களை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. வங்கிகள் 2026 மார்ச் 31-க்குள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. அதிலும் அதே 15 நாள்தான். வங்கியின் தவறால் தாமதமானால் அதற்கு வட்டியாக ஈடும் கொடுக்க வேண்டும்.

அம்மா கொடுக்க வேண்டியவை மூன்றுதான்: கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், தம்முடைய அடையாள, முகவரிச் சான்று. பணத்தை வாங்கும் நாமினி அதற்கு முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகள் சார்பில் வாங்கி வைத்திருப்பவர்தான். அந்தப் பங்கைக் குடும்பம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதைக் காரணம் காட்டி வங்கி பணத்தை நிறுத்தி வைக்க முடியாது.

இதை வாயால் சொல்லி வாதாடச் சொல்லாதீர்கள். வாதாடினால் அம்மாதான் களைத்துப் போவார். இப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்:

"என் கணவரின் இன்ன எண்ணுள்ள வைப்புத்தொகைக்கு நான் பதிவு செய்யப்பட்ட நாமினி. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், என் ஆதார் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் தொகையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு ஆவணம் ஏதேனும் தேவை என்றால் எந்த விதியின்படி தேவை என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு கிளையின் முத்திரையை வாங்க வேண்டும். முத்திரை வைக்க மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே தபால் அலுவலகத்தில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் என்று நாம் சொல்லிப் பழகியது 2025-ல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே விரைவுத் தபால் என்றே கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் இதற்கென ஒருங்கிணைந்த திட்டம் வந்தது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கோவையில் இருந்தபடி நீங்களே இணையத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் அம்மா பதினோரு முறை போய்வந்தார். ஆனால் அவர் வந்ததற்கு அந்தக் கிளையில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியதும் அப்படித்தான். புகார் எண் வாங்காமல் முடித்த அழைப்பு பேசாத அழைப்புக்குச் சமம். இனி எந்த நிறுவனத்தை அழைத்தாலும் முதல் கேள்வியே "புகார் எண் என்ன?" என்பதாக இருக்கட்டும்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது வருகிறது. "முடியாது" என்று ஓர் அலுவலகம் எழுதிக் கொடுத்தால் பயப்படாதீர்கள். அது உங்களுக்குக் கிடைத்த பிடி. எழுதிக் கொடுத்த மறுப்பில் தேதி இருக்கும், காரணம் இருக்கும், கையெழுத்து இருக்கும்; அதற்கு மேல்முறையீடு இருக்கும். "நாளை வாருங்கள்" என்பதற்கு இவை எதுவும் இல்லை. அதைச் சொன்னவர் யார் என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. நான் இருக்கையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்தச் சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அப்போது அது எனக்குப் பொய்யாகத் தோன்றியதில்லை. வி.ஏ.ஓ. இரண்டு மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்; அவர் அறிக்கை வந்திருக்காது. சர்வர் நின்றிருக்கும். தாசில்தார் ஊட்டியில் கூட்டத்தில் இருப்பார். வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயர் விடுபட்டுப் பின்னால் சொத்துத் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியது கையெழுத்துப் போட்டவர்தான் என்ற பயமும் எல்லோருக்கும் உண்டு. சந்தேகம் வந்த கோப்பை அலுவலர் நிராகரிப்பதில்லை, தள்ளிப் போடுவார். தள்ளிப் போடுவதற்கு அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் காரணம்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு ஒரு பாட்டி வருவார். கணவர் பெயரிலிருந்த பட்டாவை மாற்றக் கேட்டு ஏழெட்டு மாதம் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் கோப்பைத் தேடலாம் என்று தபால் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயரில் பதிவே இல்லை. மனுவை அவர் யாரோ ஒருவர் கையில் கொடுத்திருந்தார். வாங்கியவர் இடமாறுதலில் போய்விட்டார். மனு எங்கே போயிற்று என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்தப் பாட்டி ஒருமுறைகூட வந்ததே இல்லை. புது மனு எழுதி, பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் பட்டா வந்தது. அந்த எண்ணை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை அவர் ரேஷன் அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

மனு கொடுத்தால் மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் பதில் என்பது நம் மாநில அரசாணைகளிலேயே இருக்கிறது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2006 ஆகஸ்ட் 2-ம் தேதியிட்ட 114-ம் எண் ஆணை, 2015 செப்டம்பர் 21-ம் தேதியிட்ட 99-ம் எண் ஆணை இரண்டும் இதைப் பற்றியவை. மனுவின் கடைசியில் இந்த இரண்டு எண்களையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். மிரட்டுவதற்காக இல்லை, படிப்பவருக்கு நினைவூட்டுவதற்காக.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். நாமினி இருந்து வங்கிப் பணம் வந்துவிட்டாலும் தேயிலை நிலத்தின் பட்டாவை மாற்ற இது வேண்டும். ஆகவே இதை விட்டுவிட முடியாது.

மூன்று தள்ளுபடியில் ஒன்றில் "முழு விவரம் இல்லை" என்று மட்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விண்ணப்பத்தில் கொடுத்த பெயர்கள் அம்மா, நீங்கள், உங்கள் தம்பி என மூன்று. அப்பாவின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தடை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மக்களோடு தாயும் உண்டு. பாட்டி உயிரோடு இருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். "பாட்டி 1991-லேயே இறந்துவிட்டார், அதை எதற்குச் சொல்வது" என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விசாரணைக்கு வரும் ஆர்.ஐ.க்கு (வருவாய் ஆய்வாளருக்கு) அந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், விண்ணப்பம் திரும்பிவிடும். "மறைந்தவரின் தாயாரின் இறப்புச் சான்றை இணைக்கவும்" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு முதல் முறையே புரிந்திருக்கும். "முழு விவரம் இல்லை" என்று எழுதுபவருக்கு அரை நிமிடம் மிச்சம். உங்கள் அம்மாவுக்கு மூன்று மாதம் நஷ்டம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் பாட்டியும் அப்படி எப்போதோ ஹட்டியில் வீட்டிலேயே இறந்திருந்தால், அந்த மரணத்தைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் முதலில் தேடிப் பாருங்கள். கிராமத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளர் வி.ஏ.ஓ.தான். அவரிடமும் தாலுகா அலுவலகத்திலும் பழைய பதிவேட்டைப் பார்க்க மனுக் கொடுங்கள். பாட்டியின் பெயரை மட்டும் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காமல் போகலாம். தாத்தாவின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி என்றும் தேடச் சொல்லுங்கள். இல்லை என்றால் "பதிவு இல்லை" என்று எழுதிய சான்று வாங்குங்கள். இதுவும் நான் சொன்ன அந்த எழுத்துமூல மறுப்புதான். இதை வைத்துத்தான் அடுத்த படி ஏற முடியும். மரணம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் 1969-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3) பிரிவின்படி உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும். நம் மாநிலத்தில் அதற்குக் கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கோத்தகிரி தாலுகாவுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் குன்னூரில் இருக்கிறது. ஊர்க் கவுடரின் (ஊர்த் தலைவரின்) கடிதம், அடக்கத்தில் கலந்துகொண்ட வயதானவர்கள் இருவரின் வாக்குமூலம், பாட்டி பெயர் நீக்கப்பட்ட பழைய ரேஷன் அட்டை என எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். சாட்சி சொல்பவர்களுக்கு வயதாகிவிட்டது. மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பெயர் வேறுபாடு இந்த மலையில் வீட்டுக்கு வீடு உண்டு. பள்ளிச் சான்றில் போஜன், பட்டாவில் போஜா கவுடர், ஆதாரில் ஹட்டிப் பெயரின் முதல் எழுத்தோடு வேறு ஒன்று. இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. அங்கே கொடுத்த கடவுச்சீட்டில் ஒரு பெயர், இங்கே குடும்ப அட்டையில் ஒரு பெயர். உயிரோடு இருப்பவர் பெயரை அரசிதழில் திருத்தலாம். இறந்தவருக்கு அது முடியாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அம்மாவும் நீங்களும் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, இரண்டு பெயருள்ள ஆவணங்களின் நகலையும் அதோடு கோத்து வையுங்கள். எந்தப் பெயர் எந்த ஆவணத்தில், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் பட்டியலும் போடுங்கள். விசாரணைக்கு வருபவர் தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே அதை அவர் கையில் கொடுங்கள்.

பாட்டியின் சான்றும் இந்தப் பத்திரமும் தயாரானபின் நான்காவது விண்ணப்பம் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம். அதற்கும் தள்ளுபடி வந்தால் ஐந்தாவது விண்ணப்பம் போடாதீர்கள். தாசில்தாரின் ஆணைக்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். மீண்டும் மீண்டும் புதிதாக விண்ணப்பித்தால் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போகிறீர்கள். பழைய தள்ளுபடிக்கு யாரும் விளக்கம் தர வேண்டியதில்லை.

இதற்கிடையில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பல குடும்பங்களை முடக்கிப் போட்டது: அப்பாவின் சிம் கார்டு. நம் ஹட்டிகளில் வீட்டுக்கு ஒரு போன் என்று இருந்த காலத்தில் வீட்டிலுள்ள எல்லோர் ஆதாருக்கும் அப்பாவின் எண்ணையே கொடுத்துவிட்டார்கள். அவர் போனபின் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் செத்துவிடும்; பிறகு அம்மாவுக்கு வரவேண்டிய ஓ.டி.பி. எல்லாம் யாருக்கோ போகும், அல்லது எங்கும் போகாது. எல்லா வேலையும் முடியும்வரை அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அதற்குள் அம்மாவின் ஆதாரில் அவருடைய சொந்த எண்ணை ஏற்றிவிடுங்கள். தபால் அலுவலகத்திலோ ஆதார் மையத்திலோ சிறு கட்டணத்தில் முடியும், தனியாக ஆவணம் கேட்க மாட்டார்கள். கோவையிலுள்ள உங்கள் எண்ணைக் கொடுக்க வேண்டாம். அம்மா இ-சேவை மையத்தில் நிற்கும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள், ஓ.டி.பி.யின் ஆயுள் பத்து நிமிடம். ஹட்டியில் சிக்னல் கிடைக்காது என்றால் கோத்தகிரிக்கு வந்தே விண்ணப்பிக்கட்டும்.

கைரேகையும் அப்படி. முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. "உங்கள் விரல் சரியில்லை, போங்கள்" என்று சொன்னால் திரும்பி வர வேண்டாம். கருவிழிப் பதிவு, ஓ.டி.பி., ஓய்வூதியர் உயிர்வாழ் சான்று என்றால் 2021 நவம்பரில் தொடங்கிய முகப்பதிவு என்று வேலைக்கு ஏற்ற மாற்று வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அவற்றைச் சொல்வார் இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தை எப்போது எடுப்பது என்று கேட்பீர்கள். நான்காவது விண்ணப்பம் ஒரு மாதம் அசையாமல் கிடந்தால் எடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, வெள்ளைத் தாளில், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை. இதில் பலர் செய்யும் பிழை, "ஏன் எனக்குச் சான்றிதழ் தரவில்லை?" என்று கேட்பது. சட்டம் ஆவணத்தில் இருப்பதைத்தான் தரும். விளக்கமோ கருத்தோ தராது. "ஏன்" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் சென்றது, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது, அவர்கள் எழுதிய குறிப்புகளின் நகல், விசாரணை அறிக்கையின் நகல். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 6(2) பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தகவலைத் தாமதப்படுத்திய அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். அபராதம்வரை போகத் தேவை வராது என்பதே என் அனுபவம். "ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள்" என்ற கேள்வி அலுவலகத்துக்குள் வந்ததும் அந்தக் கோப்பை மேசையில் வைத்துக்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள்.

திங்கள்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் ஆட்சியர் நடத்தும் குறைதீர்க்கும் நாளுக்கு அம்மாவை அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கோத்தகிரியிலிருந்தே சுமார் 30 கிலோமீட்டர். ஹட்டியிலிருந்து இன்னும் அதிகம். அங்கே கொடுத்தாலும் அந்த மனு கடைசியில் அதே தாசில்தாரிடம்தான் வரும். முதல் மனுவை அங்கே கொண்டு போக வேண்டாம். கீழே எழுத்தில் ஒரு தள்ளுபடி கிடைத்தபின் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் பேச்சே வேறு. 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் அப்படித்தான். வீட்டிலிருந்தே அழைக்கலாம், மனு எண் கிடைக்கும் என்பது அதன் பெரிய நன்மை. ஆண்டுக்கொரு முறை மே, ஜூன் மாதங்களில் நடக்கும் ஜமாபந்தியைத் தவறவிடாதீர்கள். அன்று கிராமக் கணக்குகள் அனைத்தும் ஒரே இடத்தில் திறந்திருக்கும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பட்டா விஷயத்துக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. கொடைக்கானல் மலைக்காரர்கள் திங்கள்கிழமை மனுக் கொடுக்கத் திண்டுக்கல் வரை கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் இறங்க வேண்டும். அவர்களுக்கு ஜமாபந்தி இன்னும் முக்கியம்.

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுடைய பட்டா, மின் இணைப்புப் பிரச்சினைகள் பல, கவுன்டரில் இருப்பவரின் அலட்சியத்தால் வருபவை அல்ல. கூடலூர் ஜன்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் கையிலிருந்த சுமார் 80,000 ஏக்கர் அதற்குள் வருகிறது. அதில் 17-வது பிரிவுக்குள் விழுந்த நிலங்கள் வழக்கிலும் வகைப்பாட்டிலும் சிக்கி, தலைமுறை கடந்தும் தீராமல் இருக்கின்றன. அந்த இடத்தில் நான் மேலே சொன்ன எந்த மனுவும் பட்டா வாங்கித் தராது. அது ஊர் கூடி அரசிடம் கேட்க வேண்டியது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று யாரோ ஒருவர் அம்மாவிடம் ஐயாயிரம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வேறு வழியின்றிக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால்தான் பாதுகாப்பு. இ-சேவை மையத்தில் கட்டணத்துக்கு ரசீது தருவார்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டியதில்லை. சட்டத் துணை தேவைப்பட்டால் 1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசமாக வக்கீல் கிடைப்பார். எண் 15100.

வங்கி விஷயத்தில் குறைதீர்ப்பாளரிடமும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம், புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் அம்மா ஊட்டியில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் அவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

இனி வரிசை இதுதான். இந்த வாரம் ரசீதில் நாமினி வரியைப் பாருங்கள். சிம்மை ரீசார்ஜ் செய்யுங்கள். பழைய பதிவேட்டைத் தேட மனு எழுதுங்கள். அடுத்த வாரம் ஒரே நாளில் அம்மா கோத்தகிரிக்கு வந்து வங்கிக் கடிதம், தேடுதல் மனு, ஆதாரில் எண் மாற்றம் மூன்றையும் முடித்துவிடலாம். கூட்டமில்லாத நாளாக, மாதத்தின் முதல் வாரம் தவிர்த்து வரட்டும். ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லா நகலும் இரண்டிரண்டு வைத்துக் கொடுங்கள். மலை மழையில் நனைந்த இறப்புச் சான்றிதழைக் காயவைத்து எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உறையின் பின்புறம் ஒரு தாளை ஒட்டி, தேதி, அலுவலகம், சந்தித்தவரின் பதவி, கொடுத்தது, பெற்ற எண் என்று ஐந்து கட்டம் போடுங்கள். அம்மாவுக்கு எழுத வராது என்று சொன்னீர்கள். கட்டங்களை நிரப்பித் தரும்படி கவுன்டரில் இருப்பவரிடமே கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் மறுக்காமல் எழுதிக் கொடுப்பார்கள், தம் கையாலேயே.